ஒரு பிக்சலுக்கு 24 துடிப்பு: நிகழ்நேர வீடியோவுக்கு எந்தச் சிப்?

வீடியோ எடிட்டிங் செய்பவர்கள் எல்லாவற்றையும் வெட்டி ஒட்டி முடித்ததும் ரெண்டர் பட்டனைத் தட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். பத்து நிமிட வீடியோவுக்குக் கம்ப்யூட்டர் அரை மணி நேரம் எடுத்துக்கொண்டாலும் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. அதே வேலையை, கேமராவிலிருந்து படம் வந்துகொண்டிருக்கும்போதே செய்து முடிக்கச் சொன்னால் நிலைமை வேறு. கேமரா யாருக்காகவும் நிற்காது. விநாடிக்கு 60 ஃபிரேம் எடுக்கும் கேமரா என்றால் 16.67 மில்லி விநாடிக்கு ஒரு ஃபிரேம் வந்து விழுந்துகொண்டே இருக்கும். அதற்குள் கையில் இருக்கும் ஃபிரேமை முடித்தாக வேண்டும். முடியவில்லையா, ஒன்று இதைத் தூக்கி எறிய வேண்டும், இல்லை அடுத்ததை எறிய வேண்டும்.

இதைத்தான் நிகழ்நேரம், ரியல் டைம் என்கிறோம். பலர் இதை ‘ரொம்ப வேகம்’ என்று புரிந்துகொள்கிறார்கள். வேகம் வேறு, கெடு வேறு. சராசரியாக 10 மில்லி விநாடியில் வேலையை முடிக்கும் ஒரு கம்ப்யூட்டர், நூறு ஃபிரேமுக்கு ஒரு முறை 40 மில்லி விநாடி எடுத்துக்கொண்டால், நிகழ்நேரத்தைப் பொறுத்தவரை அது தோற்றுவிட்டது. ரெண்டர் வேலையில் அந்த நூற்றில் ஒன்று யார் கண்ணுக்கும் தெரியாது. நேரடி ஒளிபரப்பில் படம் ஒரு வெட்டு வெட்டிவிட்டுப் போகும். இந்தத் துறையில் இருப்பவர்களிடம் ஒரு சிப்பைக் கொண்டுபோய் நீட்டினால், மோசமான நேரத்தில் எவ்வளவு எடுக்கும் என்பதுதான் அவர்களுடைய முதல் கேள்வியாக இருக்கும்.

இங்கே ஒன்றைப் பிரித்துச் சொல்லிவிட வேண்டும். பக்கத்து வீட்டு டிவியில் விக்கெட் விழுந்த கூச்சல் கேட்ட பிறகுதான் நம் போனில் பவுலர் ஓடிவருகிறார். அந்தத் தாமதத்துக்குச் சிப்பைக் குறை சொல்ல முடியாது. இணைய ஒளிபரப்பில் வீடியோவைச் சில விநாடித் துண்டுகளாக நறுக்கித்தான் அனுப்புகிறார்கள். பிளேயரும் இரண்டு மூன்று துண்டுகளைச் சேர்த்து வைத்துக்கொண்டே ஓட ஆரம்பிக்கும். நாம் பார்க்கப்போவது அதற்கு முந்தைய கட்டத்தை: பிக்சல் வந்த கையோடு அதை என்ன செய்வது என்ற பிரச்சினையை.

சரி, கணக்குக்கு வருவோம். முழு எச்டி ஃபிரேம் ஒன்றில் குறுக்கே 1920 பிக்சல், உயரத்தில் 1080 வரி, மொத்தம் 20,73,600 பிக்சல். விநாடிக்கு 60 ஃபிரேம் என்றால் 12.44 கோடி பிக்சல். சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒரு பிக்சலுக்கு மூன்று பைட் வைத்துக்கொண்டால் விநாடிக்கு 373 எம்பி. ஒரு மணி நேரத்துக்கு 1.34 டிபி. இது சுருக்காத வீடியோ. நம் போனில் சேமிக்கும் வீடியோ இவ்வளவு இடம் பிடிக்காமல் இருப்பதற்குக் காரணமே, இந்த வெள்ளத்தை ஏதோ ஒரு சிப் நிகழ்நேரத்தில் சுருக்கித் தள்ளுவதுதான்.

ஒரு சாதாரண பிராசஸரை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் ஒரு கடிகாரம் துடித்துக்கொண்டே இருக்கிறது. 3 ஜிகாஹெர்ட்ஸ் என்றால் விநாடிக்கு 300 கோடி துடிப்பு. 300 கோடியை 12.44 கோடியால் வகுத்தால் 24. பிராசஸருக்குள் கட்டளைகளைச் செய்யும் ஓர் அலகுக்கு கோர் என்று பெயர். ஒரு பிக்சலுக்கு ஒரு கோரின் கையில் இருப்பது 24 துடிப்பு. 4கே வீடியோ என்றால் பிக்சல் நான்கு மடங்கு, கையில் மிஞ்சுவது 6 துடிப்பு.

24 துடிப்பில் படத்தின் பிரகாசத்தைக் கூட்டிவிடலாம். பிக்சலை எடு, ஒரு பெருக்கல், ஒரு கூட்டல், திருப்பி எழுது, அவ்வளவுதான். ஆனால் அந்தப் பிக்சல் பிராசஸருக்குப் பக்கத்தில் உள்ள கேஷ் மெமரியில் இல்லாமல், வெளியே இருக்கும் டிராம் (DRAM) என்ற பெரிய மெமரியில் இருந்து வர வேண்டியிருந்தால், காத்திருப்பதிலேயே இருநூறு துடிப்புக்கு மேல் போய்விடும். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாகப் பிடிபடும். வீடியோவில் கணக்குப் போடுவது மலிவு. பிக்சலைத் தூக்கிக்கொண்டு அலைவதுதான் செலவு.

ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் மார்க் ஹொரோவிட்ஸ் 2014-ல் ஒரு மாநாட்டில் 45 நானோமீட்டர் சிப்புக்கான மின்சாரக் கணக்கைக் காட்டினார். 8 பிட் எண்கள் இரண்டைக் கூட்ட 0.03 பிகோஜூல் (ஆற்றலை அளக்கும் மிகச் சிறிய அலகு). டிராமைப் போய் ஒரு முறை தட்டி எடுத்துவர 1,300 முதல் 2,600 பிகோஜூல். ஒரு நடையில் எட்டு பைட் கொண்டுவருகிறது என்று தள்ளுபடி கொடுத்தாலும், ஒரு பைட்டைக் கொண்டுவரும் செலவு அதைக் கூட்டும் செலவைவிட ஐயாயிரம் மடங்குக்கு மேல். வீடியோ எடுக்கும்போது போன் ஏன் சூடாகிறது என்று யாராவது கேட்டால் இந்த இரண்டு எண்களையும் சொல்லலாம்.

இனி சிப் வகைகளுக்கு வருவோம். எல்லாமே இந்த ஒரே தலைவலிக்கு வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு ஆட்கள் கொடுத்த மருந்துதான்.

பிராசஸர்காரர்கள் முதலில் செய்தது, ஒரே கட்டளையில் பல பிக்சல்களைச் சேர்த்துப் பிடிப்பது. இதற்கு சிம்டி என்று பெயர். 1997-ல் இன்டெல் எம்எம்எக்ஸ் என்ற பெயரில் இதை விளம்பரம் போட்டு விற்றது. 64 பிட் பெட்டி ஒன்றில் எட்டு பைட்டுகளை வரிசையாக அடுக்கி, எட்டையும் ஒரே கட்டளையில் கூட்டுவார்கள். கேட்பதற்குச் சாதாரணமாகத் தெரியும். ஆனால் இதற்குள் ஒரு அழகான நுணுக்கம் இருக்கிறது. ஒரு பைட்டில் அதிகபட்சம் 255 வரைதான் வைக்க முடியும். வானத்தின் வெளிச்சம் 250 இருக்கிறது, பிரகாசத்தை 10 கூட்டுகிறோம். 260 பைட்டில் அடங்காது. சாதாரணக் கூட்டலில் அது சுற்றிக்கொண்டு வந்து 4 ஆகிவிடும். வெளுத்த வானத்தில் கன்னங்கரேல் என்று புள்ளிகள்! ஒவ்வொரு பிக்சலுக்கும் ‘255-ஐத் தாண்டிவிட்டதா’ என்று சோதித்துக்கொண்டிருந்தால் 24 துடிப்பில் பாதி அதற்கே போய்விடும். அதனால் எம்எம்எக்ஸில், தாண்டினால் 255-லேயே நின்றுவிடும் தனிக் கூட்டல் கட்டளையை வைத்தார்கள். வீடியோவுக்கு என்று யோசித்துச் செய்த சிப்புக்கும் பொதுவான சிப்புக்கும் உள்ள வித்தியாசம் இந்த மாதிரிச் சின்ன இடங்களில்தான் தெரியும்.

இதைவிடக் கனமான வேலை ஒன்று உண்டு. வீடியோவைச் சுருக்கும்போது ஒவ்வொரு ஃபிரேமையும் முழுசாகச் சேமிப்பதில்லை. முந்தைய ஃபிரேமில் இருந்த பந்து இப்போது ஏழு பிக்சல் வலப்பக்கம், மூன்று பிக்சல் கீழே போயிருக்கிறது என்று எழுதினால் போதும். அந்த ஏழையும் மூன்றையும் கண்டுபிடிப்பதுதான் அசைவைத் தேடும் வேலை. ஃபிரேமை 16-க்கு 16 கட்டங்களாகப் பிரித்துக்கொள்வார்கள். ஒரு கட்டத்தை எடுத்து, முந்தைய ஃபிரேமில் எல்லாப் பக்கமும் 16 பிக்சல் தூரம் வரை நகர்த்திப் பார்த்து, எங்கே அதிகம் பொருந்துகிறது என்று தேட வேண்டும். நகர்த்திப் பார்க்கும் இடங்கள் 33-க்கு 33, அதாவது 1,089. ஒவ்வோர் இடத்திலும் 256 பிக்சல்களை ஒன்றோடு ஒன்று கழித்து, வித்தியாசங்களைக் கூட்ட வேண்டும். ஒரு கட்டத்துக்கு மட்டும் 2,78,784 கழித்தல். முழு எச்டி ஃபிரேமில் 8,160 கட்டங்கள். பெருக்கிப் பார்த்தால் ஃபிரேமுக்கு 227 கோடி. 60 ஃபிரேமுக்கு, விநாடிக்கு 13,600 கோடிக்கு மேல். நம் பிராசஸரிடம் இருப்பது 300 கோடி துடிப்பு.

இந்த வேலைக்கென்றே பிராசஸரில் தனிக் கட்டளைகள் வந்தன. சன் நிறுவனத்தின் அல்ட்ராஸ்பார்க் சிப்பில் 1995-லேயே ஒன்று இருந்தது. 1999-ல் பென்டியம் 3-லும் வந்துவிட்டது. இரண்டு பக்கமும் எட்டு எட்டு பிக்சலை எடுத்து, ஜோடி ஜோடியாகக் கழித்து, மைனஸ் குறியை நீக்கி, எட்டையும் கூட்டி ஒரே எண்ணாகக் கொடுத்துவிடும். அப்படியும் 13,600 கோடியை எட்டால் வகுத்தால் 1,700 கோடி. கெடுவுக்குள் முடியாது. ஆகவே மென்பொருளில் யாரும் எல்லா இடத்தையும் தேடுவதில்லை. பக்கத்துக் கட்டம் எந்தப் பக்கம் நகர்ந்ததோ இதுவும் அந்தப் பக்கம்தான் நகர்ந்திருக்கும் என்று ஊகித்து, அந்த இடத்தைச் சுற்றி மட்டும் துழாவுவார்கள். பெரும்பாலும் சரியாக வரும். குழப்பமான காட்சிகளில் தவறும். தவறினால் படம் கெட்டுப்போகாது, ஃபைல் சைஸ்தான் கொஞ்சம் கூடும்.

சிக்னல்களைச் செயலாக்கவென்றே செய்த டிஎஸ்பி என்ற வகையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இன்று அது தனிச் சிப்பாகக் கண்ணில் படுவது குறைவு. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1997-ல் கொண்டுவந்த சி6201 என்ற சிப்பில் எட்டு கணக்கு அலகுகள் இருந்தன. 200 மெகாஹெர்ட்ஸில் ஓடி, ஒரே துடிப்பில் எட்டு கட்டளை வரை செய்யும். எந்த அலகுக்கு எந்த வேலை என்பதைச் சிப் முடிவு செய்யாது, புரோகிராமை மொழிபெயர்க்கும் கம்பைலர் முன்கூட்டியே முடிவு செய்துவிடும். அதனால் ஒரு வேலைக்கு எத்தனை துடிப்பு ஆகும் என்று காகிதத்திலேயே எண்ணிச் சொல்லலாம். கெடு வைத்து வேலை செய்பவனுக்கு இது பெரிய நிம்மதி. இன்னொரு நல்ல பழக்கமும் இந்தச் சிப்புகளில்தான் வேரூன்றியது. சிப்புக்குள் இரண்டு சிறிய பஃபர்களை (தற்காலிக மெமரிகளை) வைத்துக்கொள்வார்கள். ஒன்றில் உள்ள கட்டத்தைப் பிராசஸர் செயலாக்கிக்கொண்டிருக்கும்போதே, டிஎம்ஏ என்ற தனி எடுபிடி அடுத்த கட்டத்தை டிராமிலிருந்து மற்றொன்றில் கொண்டுவந்து நிரப்பும். முடிந்ததும் மாற்றிக்கொள்வார்கள். கேஷில் இருக்குமா இருக்காதா என்ற சூதாட்டமே கிடையாது.

அப்புறம் எஃப்பிஜிஏ. என் கணிப்பில், வீடியோ செயலாக்கம் என்றால் என்ன என்பதை உள்ளபடியே புரிந்துகொள்ள இதைவிட நல்ல பாடம் இல்லை. கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

பிராசஸரில் புரோகிராம் ஓடும். எஃப்பிஜிஏயில் புரோகிராம் என்று ஒன்று ஓடுவதில்லை. ஆயிரக்கணக்கான சிறிய லாஜிக் அலகுகள், பெருக்கிகள், சின்னச்சின்ன மெமரி துண்டுகள் இவற்றை நமக்கு வேண்டியபடி இணைத்து ஒரு மின்சுற்றாகவே ஆக்கிக்கொள்கிறோம். வேண்டாம் என்றால் அழித்துவிட்டு வேறு மின்சுற்றாக மாற்றிக்கொள்ளலாம்.

ஒரு எளிய வேலையை எடுத்துக்கொள்வோம். படத்தில் உள்ள புள்ளிப் புள்ளியான இரைச்சலை மென்மையாக்க வேண்டும். ஒவ்வொரு பிக்சலுக்கும், அதையும் சுற்றியுள்ள எட்டு பிக்சல்களையும் சேர்த்து, 3-க்கு 3 சதுரத்தை எடுத்து, ஒவ்வொன்றையும் ஓர் எண்ணால் பெருக்கிக் கூட்ட வேண்டும். ஒன்பது பெருக்கல், எட்டு கூட்டல். பிராசஸரில் இதை எழுதினால் ஃபிரேம் முழுவதும் மெமரிக்கு வந்து சேர்ந்த பிறகு, ஒவ்வொரு பிக்சலுக்கும் அந்த ஒன்பது பிக்சல்களைப் போய் எடுத்து வருவோம்.

கேமரா பிக்சலை அப்படி மொத்தமாகக் கொடுப்பதில்லை. முதல் வரி இடமிருந்து வலம், அப்புறம் இரண்டாவது வரி, அப்புறம் மூன்றாவது என்று ஒவ்வொன்றாகத்தான் ஊற்றுகிறது. முழு எச்டியில், 60 ஃபிரேமுக்கு, இந்த ஊற்று விநாடிக்கு 14.85 கோடி துடிப்பு, அதாவது 148.5 மெகாஹெர்ட்ஸ். மேலே சொன்ன 12.44 கோடியைவிட இது அதிகமாக இருக்கிறதே என்றால், வரிக்கு 2200, ஃபிரேமுக்கு 1125 வரி என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். படம் இல்லாத அந்த ஓரப்பகுதி, குழாய் டிவி காலத்தில் எலெக்ட்ரான் கதிர் மறுபடி இடப்பக்கம் திரும்பி வருவதற்காக விட்ட இடைவெளியின் மிச்சம். குழாய் டிவி போய்விட்டது. இடைவெளி போகவில்லை. மின்சுற்று வடிவமைப்பவர்களுக்கு அது மூச்சு விட இடம் கொடுக்கிறது, ஒலியை அனுப்பவும் பயன்படுகிறது.

இப்போது, 3-க்கு 3 சதுரம் வேண்டுமென்றால் நமக்குத் தேவை என்ன? இப்போது வந்துகொண்டிருக்கும் வரியும், அதற்கு முந்தைய இரண்டு வரிகளும். அவ்வளவே. முழு ஃபிரேம் வேண்டியதில்லை. இரண்டு வரியைத் தாங்கும் மெமரியைச் சிப்புக்குள்ளேயே வைத்துவிட்டால் டிராம் பக்கம் எட்டிப் பார்க்கவே வேண்டாம். இதை லைன் பஃபர் என்பார்கள். 1920 பிக்சல், பிக்சலுக்கு 8 பிட், ஒரு வரிக்கு 15,360 பிட். சைலிங்க்ஸ் நிறுவனத்தின் (இப்போது ஏஎம்டியின் கையில்) ஆர்டிக்ஸ்-7 எஃப்பிஜிஏயில் உள்ள ஒரு சிறிய மெமரி துண்டின் அளவு 18 கிலோபிட். ஒரு வரி, ஒரு துண்டுக்குள் கச்சிதமாக உட்கார்ந்துகொள்கிறது. மூன்று நிறம், நிறத்துக்கு இரண்டு வரி, ஆக ஆறு துண்டு. பெருக்கிகள் 27. மாணவர்கள் வாங்கும் பயிற்சிப் பலகைகளில் வரும் 35டி சிப்பில் மெமரி துண்டு 100, பெருக்கி அலகு 90 இருக்கின்றன. முழு எச்டி 60 ஃபிரேம் வடிகட்டலுக்குத் தேவையான மெமரியும் பெருக்கிகளும் அந்தச் சின்னச் சிப்புக்குள்ளேயே அடங்கி, மீதியும் இருக்கிறது. அதுவும் 3 ஜிகாஹெர்ட்ஸில் இல்லை, 148.5 மெகாஹெர்ட்ஸில்.

இது எப்படி முடிகிறது என்றால், கட்டட வேலையில் லாரியிலிருந்து மாடிக்குச் செங்கல் ஏற்றும்போது ஆட்கள் வரிசையாக நின்று கைமாற்றிவிடுவார்களே, அந்த முறையில்தான். ஒரு செங்கல் மேலே போய்ச் சேர, இடையில் உள்ள அத்தனை கைகளையும் கடந்தாக வேண்டும். ஆனால் வரிசை ஓட ஆரம்பித்துவிட்டால் ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் மேலே ஒரு செங்கல் வந்து விழும். எஃப்பிஜிஏயில் முதல் துடிப்பில் பெருக்கல், அடுத்த துடிப்பில் ஜோடி ஜோடியாகக் கூட்டல், அதற்கடுத்ததில் மீதிக் கூட்டல் என்று படிப்படியாக நடக்கும். ஒவ்வொரு படியும் வேறு வேறு பிக்சலைப் பிடித்திருக்கும். ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு புதுப் பிக்சல் உள்ளே போகும், முடிந்த பிக்சல் ஒன்று வெளியே வரும்.

இதன் உண்மையான லாபம் தாமதத்தில் இருக்கிறது. முழு ஃபிரேமையும் வாங்கிவைத்துக்கொண்டு வேலை செய்யும் அமைப்பில் குறைந்தது ஒரு ஃபிரேம் தாமதம், அதாவது 16.67 மில்லி விநாடி. லைன் பஃபர் அமைப்பில் ஏறத்தாழ ஒரு வரி தாமதம்: 14.8 மைக்ரோ விநாடி. ஆயிரம் மடங்குக்கு மேல் வித்தியாசம். மணிக்கு 100 கிலோமீட்டரில் போகும் கார் ஒரு ஃபிரேம் நேரத்தில் அரை மீட்டருக்குச் சற்றுக் குறைவாக நகர்கிறது. கேமராவில் ஒன்று, செயலாக்கத்தில் இரண்டு, திரையில் ஒன்று என்று நான்கைந்து ஃபிரேம் சேர்ந்துவிட்டால் இரண்டு மீட்டர். அறுவை சிகிச்சையில் எண்டோஸ்கோப்பைப் பார்த்துக் கை நகர்த்தும் மருத்துவருக்கோ, கண்ணாடியை மாட்டிக்கொண்டு டிரோன் ஓட்டுபவருக்கோ இந்தத் தாமதம் நேரடியாகக் கையில் தெரியும். டிவி நிலையங்களில் ஒரு கேமராவிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் ஸ்விட்சர் கருவிகளில் எஃப்பிஜிஏ அதிகம் இருப்பதற்கும் இதுவே காரணம்.

குறை இல்லாமலா? எஃப்பிஜிஏவுக்கு எழுதுவது கடினம். பைத்தானில் பத்து வரியில் முடிவது இங்கே பல நாள் வேலை. விலையும் மின்சாரமும், அதே மின்சுற்றை நேரடியாகச் சிலிக்கானில் வார்த்தால் ஆவதைவிட அதிகம். ஃபிரேமின் ஒரு மூலையில் இருப்பதை இன்னொரு மூலையோடு ஒப்பிட வேண்டிய வேலை வந்தால் லைன் பஃபர் தந்திரம் செல்லாது, மறுபடியும் டிராம்தான்.

ஜிபியு, அதாவது கிராஃபிக்ஸ் சிப் பற்றி எல்லோருக்கும் கொஞ்சம் தெரியும் என்பதால் தெரியாத பக்கத்தை மட்டும் சொல்கிறேன். ஆயிரக்கணக்கான சிறிய கணக்கு அலகுகள், என்விடியாவில் 32 இழைகள் (தனித்தனிக் கணக்கு ஓட்டங்கள்) ஒரு கூட்டமாக ஒரே கட்டளையைப் பின்பற்றி நடக்கும். நிறத்திருத்தம், லென்ஸ் வளைவைச் சரிசெய்தல், நியூரல் நெட்வொர்க் என்று ஒவ்வொரு பிக்சலையும் தனித்தனியாகச் செய்யக்கூடிய எதையும் ஜிபியு விழுங்கிவிடும்.

ஆனால் வீடியோ சுருக்கத்தின் கடைசிக் கட்டத்தில் அது திணறும். எச்.264 போன்ற முறைகளில், கிடைத்த எண்களையெல்லாம் இறுதியாக பிட்டுகளாக எழுதும்போது, ஒவ்வொரு பிட்டுக்கும் முந்தைய பிட்டு என்னவாக இருந்தது என்று தெரிந்தாக வேண்டும். முதலாவது முடியாமல் இரண்டாவதைத் தொட முடியாது. ஆயிரம் ஆட்கள் நின்றும் ஒருவர்தான் வேலை செய்ய முடியும் என்ற நிலை. ‘அதெப்படி, என் கிராஃபிக்ஸ் கார்டு வீடியோவைப் படுவேகமாக என்கோடு செய்கிறதே’ என்று கேட்பீர்கள். அதைச் செய்வது அந்த ஆயிரக்கணக்கான அலகுகள் அல்ல. அதே சிப்பின் ஓர் ஓரத்தில் வீடியோவுக்கென்றே வார்த்து வைத்த தனி மின்சுற்று. என்விடியா 2012-ல் இதை என்விஎன்சி என்று சேர்த்தது. இன்டெல் அதற்கு ஓராண்டு முன்பே குயிக் சிங்க் என்ற பெயரில் பிராசஸருக்குள் வைத்துவிட்டது. அதனால்தான் விளையாட்டை ஓட்டிக்கொண்டே ஸ்ட்ரீமும் செய்யும்போது விளையாட்டின் வேகம் பெரிதாக அடிவாங்குவதில்லை.

இப்படி ஒரே வேலைக்காக வார்க்கப்படும் மின்சுற்றுதான் ஏசிக். இதன் பலம் எவ்வளவு என்பதற்கு ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2010-ல் ஒரு கணக்குப் போட்டார்கள். 720பி வீடியோவை எச்.264 முறையில் நிகழ்நேரத்தில் சுருக்கும் வேலை. பொதுப் பிராசஸர் கோர்களில் செய்வதைவிட ஏசிக்கில் சுமார் 500 மடங்கு குறைந்த மின்சாரம் போதும் என்று கண்டார்கள். சிம்டி மாதிரியான பொதுவான உத்திகளைச் சேர்த்த பிறகும் இடைவெளி 50 மடங்குக்கு மேல் இருந்தது. காரணம், ஒரு எட்டு பிட் கூட்டலைச் செய்வதற்காகப் பிராசஸர் கட்டளையை மெமரியிலிருந்து எடுத்து, அது என்ன சொல்கிறது என்று படித்து, எண்களைப் பெட்டியிலிருந்து எடுத்து, திருப்பி வைத்து என்று செய்யும் சடங்குகளுக்கே பெரும்பகுதி மின்சாரம் போய்விடுகிறது. ஏசிக்கில் சடங்கு கிடையாது. அசைவுத் தேடலுக்கு 256 கழிப்பான்களை அருகருகே வைத்து, பிக்சல்களை ஒரு பக்கத்திலிருந்து நகர்த்திக்கொண்டே போனால், ஒரு துடிப்புக்கு ஓர் இடம் தேடி முடியும். அதே பிக்சலை மறுபடி மறுபடி டிராமிலிருந்து கேட்கவும் வேண்டாம்.

யூடியூபுக்கு வந்து குவியும் வீடியோவுக்காக கூகுள் தானே இப்படியொரு சிப் செய்துகொண்டது. 2021-ல் விவரம் வெளியிட்டார்கள். ஒரு சிப்பில் பத்து என்கோடர் கோர். அதுவரை சாதாரண சர்வர்களில் மென்பொருளாக ஓட்டியதைவிட 20 முதல் 33 மடங்கு திறன் கிடைத்தது என்பது அவர்கள் கணக்கு.

ஏசிக்கின் பலவீனமும் அதன் பலத்திலேயே இருக்கிறது. வார்த்தது வார்த்ததுதான். வீடியோ சுருக்கும் முறைகளில் எச்.264 வந்தது 2003-ல், எச்இவிசி 2013-ல், ஏவி1 2018-ல். பழையதற்கு வார்த்த மின்சுற்றுக்குப் புதியது புரியாது. இதை நன்றாகக் காட்டும் உதாரணம் ராஸ்பெரி பை என்ற கையடக்கக் கம்ப்யூட்டர். 2012-ல் வந்த முதல் பையில் இருந்தது 700 மெகாஹெர்ட்ஸ் ஏஆர்எம் கோர் ஒன்றே ஒன்று. முழு எச்டி 30 ஃபிரேம் என்றால் பிக்சலுக்கு 11 துடிப்பு. அந்தப் பாவப்பட்ட கோரால் எச்.264 வீடியோவைத் திறக்க வழியே இல்லை. ஆனாலும் பை தடங்கல் இல்லாமல் ஓட்டியது, ஏனென்றால் அதே சிப்பில் வீடியோகோர் என்ற பகுதி அந்த வேலையைப் பார்த்துக்கொண்டது. 2023-ல் வந்த பை 5-ல் என்ன செய்தார்கள்? எச்.264 மின்சுற்றை எடுத்தே விட்டார்கள். நான்கு 2.4 ஜிகாஹெர்ட்ஸ் கோர்கள் இருக்கின்றன, எச்.264-ஐ மென்பொருளிலேயே சமாளிக்கட்டும் என்று முடிவு. கனமான எச்இவிசியைத் திறக்க மட்டும் தனி மின்சுற்று உண்டு. ‘புது மாடலில் வசதியைப் பிடுங்கிவிட்டார்கள்’ என்று பலர் கோபப்பட்டார்கள். பேட்டரியில் ஓட்டுபவர்களுக்கு அந்தக் கோபம் நியாயம்தான் என்பேன். சுவரில் செருகி ஓட்டுபவர்களுக்குப் பெரிய வித்தியாசம் இல்லை.

இன்றைய போன் சிப்பைத் திறந்து பார்த்தால் எஃப்பிஜிஏ தவிர மேலே சொன்ன எல்லா வகையும் ஒரே வீட்டில் குடியிருக்கும். கேமரா சென்சாரில் ஒவ்வொரு பிக்சலும் ஒரே ஒரு நிறத்தைத்தான் அளக்கிறது. பச்சை இரண்டு, சிவப்பு ஒன்று, நீலம் ஒன்று என்று கட்டம் கட்டமாக வடிகட்டி போட்டிருப்பார்கள். கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976-ல் காப்புரிமை வாங்கிய அமைப்பு இது. விட்டுப்போன இரண்டு நிறங்களைப் பக்கத்துப் பிக்சல்களைப் பார்த்து ஊகித்து நிரப்புவது ஐஎஸ்பி என்ற பகுதி. அது முழுக்க லைன் பஃபர் வைத்த கைமாற்று வரிசைதான், பிக்சல் வரவர வேலை நடக்கும். முகத்தைக் கண்டுபிடிக்க நியூரல் பகுதி, கை நடுக்கத்தைச் சரிசெய்யப் பெரும்பாலும் ஜிபியு, சுருக்க ஏசிக் பகுதி, இவர்களையெல்லாம் மேய்க்க மட்டும் சாதாரண ஏஆர்எம் கோர்.

இவர்கள் ஒருவருக்கொருவர் ஃபிரேமை டிராம் வழியாகத்தான் கொடுத்து வாங்குகிறார்கள் என்பதுதான் சிக்கல். 4கே 60 ஃபிரேம், பிக்சலுக்கு மூன்று பைட் என்றால் ஒரு வழிக்கு விநாடிக்கு ஒன்றரை ஜிபி. ஐந்து கட்டம், ஒவ்வொன்றும் ஒரு முறை படித்து ஒரு முறை எழுதினால் 15 ஜிபியைத் தொடும். ஆகவே முடிந்த இடத்திலெல்லாம் குறைக்கிறார்கள். மனிதக் கண்ணுக்கு வெளிச்ச வித்தியாசம் தெரியும் அளவுக்கு நிற வித்தியாசம் தெரியாது என்பதால் நான்கு பிக்சலுக்கு ஒரு ஜோடி நிற அளவு மட்டும் வைத்துக்கொள்வார்கள். மூன்று பைட் ஒன்றரை பைட்டாகிவிடும். அதுவும் போதாமல், சிப்பின் ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்குப் போகும் ஃபிரேமையே தரம் குறையாமல் சுருக்கி டிராமில் எழுதி, எடுக்கும்போது விரிக்கிறார்கள். ஏஆர்எம் நிறுவனத்தின் ஏஎஃப்பிசி அப்படிப்பட்ட ஏற்பாடு.

வீடியோ கால்களில் இன்னொரு சமரசமும் நடக்கிறது. நன்றாகச் சுருக்க வேண்டுமென்றால் முந்தைய ஃபிரேமோடு அடுத்த ஃபிரேமையும் பார்த்து ஊகிக்கலாம். இதை பி-ஃபிரேம் என்பார்கள். அடுத்த ஃபிரேமைப் பார்க்க வேண்டுமானால் அது வரும்வரை காத்திருக்க வேண்டுமே! அதனால் பேசும் வீடியோவில் பி-ஃபிரேமைப் பொதுவாகத் தவிர்த்துவிடுகிறார்கள். படத் தரத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து நேரத்தை வாங்குகிறார்கள்.

இதையெல்லாம் உங்கள் கம்ப்யூட்டரிலேயே பார்க்கலாம். விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் ஜிபியுவைத் தேர்ந்தெடுங்கள். ‘வீடியோ டிகோட்’ என்று தனியாக ஒரு வரைபடம் இருக்கும். மேலே சொன்ன ஓரத்து மின்சுற்று அதுதான். யூடியூபில் ஒரு 4கே வீடியோவை ஓடவிட்டு, அதன் மேல் ரைட் கிளிக் செய்து ‘ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்’ என்பதைத் தட்டினால் எந்த முறையில் சுருக்கிய வீடியோ என்று தெரியும். விபி09 (விபி9 முறை) என்றோ ஏவி01 (ஏவி1 முறை) என்றோ போட்டிருக்கும். டிகோட் வரைபடம் ஏறி, சிபியு சும்மா இருந்தால் உங்கள் சிப்பில் அதற்கான மின்சுற்று இருக்கிறது. வரைபடம் தரையோடு கிடந்து, சிபியு எகிறி, ஃபேன் கத்த ஆரம்பித்தால், அந்த முறைக்கான மின்சுற்று இல்லாத சிப் என்று வைத்துக்கொள்ளலாம். அப்போது அதே வீடியோவை 1080பி-க்கு இறக்கிப் பாருங்கள். பிக்சல் நான்கில் ஒன்றாகிவிடுவதால் ஃபேன் பெரும்பாலும் அடங்கிவிடும்.